சீட்டின் மூலையில் 14 நாள்

என் மாமியாரின் நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் பேன்டோபிரசோல் எழுதிக் கொடுத்தார். அதே சீட்டைக் காட்டி மூன்று வருடம் வாங்கிவிட்டோம். கடைக்காரரும் தேதியைப் பார்க்கவில்லை. மூலையில் கிறுக்கியிருந்த '14 நாள்' எங்கள் கண்ணிலும் படவில்லை! கால் மரத்துப் போகிறது என்று வேறு டாக்டரிடம் போனபோதுதான் ரத்தத்தில் பி12 குறைந்திருப்பது தெரிந்தது. வருடக்கணக்கில் வயிற்று அமிலத்தை அடக்கினால் உணவிலிருந்து அந்தச் சத்து சரியாகப் பிரியாதாம். நாங்கள் சைவம் வேறு. சரி, இன்றே நிறுத்திவிடலாமென்றால், திடீரென்று விட்டால் எரிச்சல் முன்னைவிட அதிகமாகலாமாம். இப்போது அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து வருகிறோம்.

'இத்தனை நாள்தான்' என்று டாக்டர்கள் வாய்விட்டுச் சொன்னால் என்ன? நாமும்தான் கேட்பதில்லை. நேற்று பக்கத்து வீட்டு அக்கா, "வயிறு எரியுது, உங்க அத்தை மாத்திரையில ஒண்ணு குடேன்" என்று வந்தார். சீட்டை எடுத்துக் காட்டினேன்.