நிவாரணத்தில் முன்நிற்கிறோம், நிர்வாகத்தில்?

2015 சென்னை வெள்ளத்தில் நம் பள்ளிவாசல்கள் பலருக்கும் அடைக்கலம் தந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோதும் நம் இளைஞர்கள் தண்ணீரில் இறங்கி உதவினார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் எந்தத் தெரு முதலில் மூழ்கும், யாரை எப்போது வெளியேற்றுவது என்பதை மழைக்கு முன்பே திட்டமிட வேண்டும். அதற்காகவே 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டந்தோறும் பேரிடர் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. அந்தப் பணிகளுக்கு நம் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறோமா?

மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் இதற்கு முதுகலைப் படிப்பு உண்டு. இக்னோவில் தொலைநிலைப் பட்டயம் படிக்கலாம். தமிழகத் தீயணைப்பாளர் தேர்வு எழுதப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்.

துணிவும் தொண்டுள்ளமும் நம் பிள்ளைகளிடம் இருக்கின்றன. முறையான பயிற்சியும் பொறுப்பும் சேர்ந்தால், வெள்ளம் வருமுன்பே உயிர்களைக் காக்கலாம். பெற்றோர்களே, மருத்துவம், பொறியியலோடு இதையும் வீட்டில் பேசுங்கள்.