கதவைத் திறமின்

ஹிட்லர் ஆட்சியில் யூதராய்ப் பிறந்ததே குற்றமாயிற்று. அக்கொடுமைக்குத் தப்பி 1939இல் வியன்னாவிலிருந்து இலங்கை வந்த தாயொருவர், சேர் ஏர்ணஸ்ட் டி சில்வா என்னும் சிங்கள வள்ளலின் ஆதரவில் கொழும்பில் வாழ்ந்து 1956இல் மறைந்தார். பௌத்த துறவியான ஞானபொனிக்க தேரர் அவர்தம் மகன். அவரையோ, போர்க்காலத்தில், ஜேர்மனியில் பிறந்தவர் என்பதற்காகவே ஆங்கில அரசு தியத்தலாவையிலும் பின்னர் டேராதூனிலும் 1946 வரை அடைத்துவைத்தது. யூதரென்று ஜேர்மனி வெறுத்தவரை ஜேர்மனியரென்று மற்றோர் அரசு சிறையிட்டது! தாய்க்குக் கிடைத்த நீதி மகனுக்குக் கிடைத்திலது. அரசு பிறப்பைப் பார்த்தது. வள்ளல் துன்பத்தைப் பார்த்தார்.

1983 ஆடியில் தமிழர் என்பதற்காகவே வீடிழந்து, கல்லூரி மண்டபங்களில் அடைக்கலம் புகுந்த கொழும்புத் தமிழராகிய நாம் இதனை ஏட்டிற் கற்கவேண்டுவதில்லை. அன்றும் அயலவர் சிலர் கதவு திறந்தமையால் உயிர் பிழைத்தோர் பலர். மாணவர்காள்! தட்டுவோன் இனத்தை வினவாதீர். முதலில் கதவைத் திறமின்.