வகுத்த முறையும் கணத்துணிவும்

ரக்பி லீக் ஆட்டத்தில் தாக்குவோர் முன்னரே வகுத்த முறைப்படி ஆடுதல் நன்றோ, அவ்வக்கணத்தில் உள்ளுணர்வு காட்டும் வழியிற் செல்லுதல் நன்றோ என்பது நெடுநாளைய வழக்கு. அதனைக் குறித்து எமது கருத்தைச் சுருங்கக் கூறுவோம்.

1895ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டு நகரில் தனிக்கிளையாகப் பிரிந்த இவ்வாட்டம், 1906 முதல் பக்கத்திற்குப் பதின்மூவரை உடையதாயிற்று. பந்தை முன்னோக்கி எறிதல் ஆகாது. பந்துடையவர் இத்தனை முறைதான் பிடிபடலாம் என்னும் வரம்பு முற்காலத்தில் இல்லை. 1966இல் நான்கு முறையென்று விதித்து, 1970களின் தொடக்கத்தில் ஆறு ஆக்கினர். எண்ணிக் கொடுத்த வாய்ப்பை வீணாக்கலாகாது என்னும் கவலை இதனால் வளர்ந்தது. வகுத்த முறைகளுக்கு மதிப்பும் உயர்ந்தது.

அம்முறைகளுள் யாவரும் அறிந்தது ஒன்றுண்டு. ஒருவன் பந்தை வாங்குவான்போல் எதிரிகளின் அணியை நோக்கி நேரே பாய்வான். மற்றொருவன் அவன் முதுகுப்புறமாக வளைந்து ஓடுவான். பந்தை வைத்திருப்பவன் இருவருள் ஒருவனுக்குக் கொடுத்தல் வேண்டும். காவலன் முதல்வனைத் தடுக்க உள்ளே திரும்பினால் பந்து பின்னவனுக்கு. வெளியே நகர்ந்தால் முதல்வனுக்கு. ஆகவே முறையென்பது எதிரியிடம் கேட்கும் வினாவேயன்றி விடையன்று. எதிரியின் தோள் எப்பக்கம் திரும்புகின்றது என்று பாராமல், பயிற்சியிற் செய்தவாறே பந்தை எறிபவன் வினாவைக் கேட்டுவிட்டு மறுமொழி கேளாது போகிறவனை ஒப்பான்.

நிற்க, 1997ஆம் ஆண்டு சிட்னியில் நடைபெற்ற ஆஸ்திரேலிய ரக்பி லீக் இறுதியாட்டத்தை நோக்குக. நியூகாசிலும் மேன்லியும் 16 புள்ளிகளுடன் சமமாய் நின்றன. சில வினாடிகளே எஞ்சின. பந்தை உதைத்துக் கம்பத்தின்மேற் செலுத்தி ஒரு புள்ளி பெற்றாலே வெற்றி. ஆயினும் ஆண்ட்ரூ ஜான்ஸ் குறுகிய பக்கத்தே இடைவெளி கண்டு, அவ்வழி ஓடி, டேரன் ஆல்பர்ட்டிடம் பந்தைக் கொடுத்தார். ஆல்பர்ட் டிரை அடிக்க, நியூகாசில் 22–16 என வென்றது. அத்துணிவு கணத்திற் பிறந்ததே. ஆனால் பந்துடையவனைத் தொடர்ந்து துணையோடும் பழக்கம் தோழனிடத்து இல்லையாயின், அது பயனின்றி ஒழிந்திருக்கும். உள்ளுணர்வென்பது வானத்தினின்று விழுவதன்று. பன்னாள் கண்டு கண்டு தேறிய கண்ணின் விரைவே அது.

தம் எல்லைக்கருகிற் பந்தை இழப்பின் கேடு பெரிதென்றும், களைத்த மூளைக்கு மனப்பாடமான முறையே ஊன்றுகோல் என்றும் சிலர் கூறுவர். அது மெய்யே. தம் பாதியில் முறையைத் தழுவுதலே தகும் என்பதை யாமும் ஒப்புகின்றோம். ஆனால் எதிரியின் கோட்டருகே அதே கட்டுப்பாட்டை விதித்தல் தகாது. நன்கு பயின்ற காவலர் முறையை முன்னறிந்து காத்திருப்பர். அவர் அறியாதது ஆடுவோன் அக்கணத்திற் செய்யும் தேர்வொன்றே.

ஆதலின் இளைஞரைப் பயிற்றுவோர்க்கு யாம் சொல்வது இது: முறைகள் சிலவே போதும், அவற்றுள் எதிரியை நோக்கித் தெரிந்துகொள்ளும் பழக்கத்தை முதலிற் புகட்டுக. இடைவெளி கண்டு துணிந்து தவறியவனைக் கடிந்து வெளியே அமர்த்தினால், அடுத்த ஆட்டத்தில் அவன் இடைவெளியைக் கண்டும் காணாதவன்போல் இருப்பான். அந்த இழப்பு ஓராட்டத் தோல்வியினும் பெரிது.