எது குறைப்பேச்சு?



அரியலூர் குழுமூர் தங்கை அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவரின் மகள். நீட் வந்து கதவை மூடியது. 2017 செப்டம்பர் 1இல் போய்விட்டார். அவர் பெயரில் ஊரில் நூலகம் எழுந்தது. மரியாதை என்றால் அது. சிலைக்கு மாலை போட்டுவிட்டு வேனில் ஏறிப்போவது யாருக்கும் சுலபம்.

இதே வழியில் இன்னொன்று செய்யலாம் என்று ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இளம்வயதில் நாம் பறிகொடுத்தவர்கள் பெயரில் உதவித்தொகை வைப்போம். அதில் ஒன்றாவது பேச்சுப் பயிற்சியாளர் படிப்புக்குப் போகட்டும். டாக்டர், வக்கீல் இருக்க இதென்ன படிப்புன்னு கேட்பீங்க. சொல்றேன்.

எஸ்டேட் லைன் வீட்டில் மூணு வயசாகியும் குழந்தை பேசாவிட்டால், ‘அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்’ என்று விட்டுவிடுகிறார்கள். வேறென்ன செய்வாங்க? இது ஒருநாள் ஊசியில் தீர்கிற சங்கதியில்லை, மாசக்கணக்கில் போகணும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போனால் அன்றைய கூலி போச்சு. காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் கருவி வைக்கிறார்கள், நல்ல திட்டம்தான். கருவி ஒலியைத் தரும், பேச்சைப் பயிற்சிதான் தரணும்.

அதைவிடப் பெரிசு, எது குறை என்று தீர்மானிக்கிறவர் யார் என்பது. இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தாரைச் சொல்லவில்லை) பேசும் தமிழ் ஒன்று, லைன் வீட்டுத் தமிழ் இன்னொன்று. பாடப்புத்தகத் தமிழை மட்டும் பேச்சு என்று நினைக்கிறவர் சோதித்தால் நல்லாப் பேசுகிற பிள்ளையும் நோயாளிதான். அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளுக்கு இது நடந்தது. 1978இல் கறுப்பினப் பேச்சுப் பயிற்சியாளர்கள் தனிச்சங்கம் கட்டினார்கள். வட்டார வழக்கு எதுவும் நோயல்ல என்று அந்நாட்டின் தொழில் சங்கம் 1983இல் அறிவித்தது. இன்றும் அங்கே இத்தொழிலில் பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளையர். சிறுபான்மை மாணவர்க்குத் தனி உதவித்தொகை வைத்து ஆள் தேடுகிறார்கள். இங்கே நம்ம ஆள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவாவது யாராவது உட்கார்ந்தோமா?

உதவித்தொகையின் அருமை நமக்குத் தெரியும். 1913இல் பரோடா மன்னர் தந்த தொகையில்தான் அண்ணல் கொலம்பியா போனார். அது நின்றால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஐதராபாத்தில் ரோகித் வேமுலாவுக்கு மாதம் 25,000 ரூபாய் 2015 ஜூலையோடு நின்றது. 2016 ஜனவரி 17இல் அவர் விட்டுப்போன கடிதத்தில் ஏழு மாதப் பாக்கிக் கணக்கு இருந்தது.

அதனால் நாம் வைக்கிற தொகை காலேஜ் திறக்கும்போதே கையில் சேரணும். நாலு வருஷப் படிப்பு, கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிப் பயிற்சி. அந்த வருஷமும் வரணும். ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் காசு எல்லாம் சேர்த்து. அரசின் போஸ்ட் மெட்ரிக் பணம் எப்போ வருமோ, அதுக்காக இது காத்திருக்கக் கூடாது. பெரிய அட்டைச் செக் பிடித்துப் போட்டோ எடுக்கிற வேலையும் வேண்டாம். சேலம், ஆத்தூர், தருமபுரி தோழர்கள் மாசம் எவ்வளவு முடியும் என்று ஒரு கார்டு போடுங்கள். யார் பெயரில் வைப்பது என்பதை அந்தந்தக் குடும்பத்தாரைக் கேட்டு முடிவு செய்வோம்.