களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் முடியும், இந்தப் பக்கம் முடியாதா?

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் அடிச்சப்ப நான் எட்டாம் கிளாஸ். எங்க தெரு முனையில நின்ன அயனி மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கெடந்துச்சு. கரண்ட் இல்ல, போன் இல்ல. தீயணைப்பு வண்டியில வந்த அண்ணன்மார் மரத்தை அறுத்து வழி விட்டாங்க. "நானும் இந்த வேலைக்குத்தான் போவேன்"னு அப்பாகிட்ட சொன்னேன். "சரி மக்ளே, முதல்ல சாப்பிடு"ன்னார்.

இப்போ பி.இ. கடைசி வருஷம். பிளேஸ்மென்ட் மெயிலுக்குக் காத்திருக்கிற நேரத்துல, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தோட 2025 அறிவிப்பை எடுத்துப் படிச்சேன். தீயணைப்பாளர் 631 இடம். பத்தாம் வகுப்பு பாஸ் போதும். அதுக்காக ஈஸின்னு நினைச்சுடாதீங்க. தமிழ்த் தகுதித் தேர்வுல 80-க்கு 32 எடுக்கணும் (எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச நமக்கு முதல் தீ இதுதான்). அப்புறம் 70 மார்க்குக்கு முதன்மைத் தேர்வு, 7 நிமிஷத்துல 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏற்றம். எல்லாம் படிச்சு முடிச்சா, பெண்களுக்கு ஒரு இடம்கூட இல்ல. ஆண்கள் மட்டும்.

அதே அறிவிப்புல இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பெண்கள் போகலாம். சிறைக் காவலராகலாம். தீன்னா மட்டும் என்ன?

'உடம்பு தாங்காது'ன்னு உங்கள்ல சிலர் சொல்வீங்க. தண்ணி பாயுற ஹோஸைப் பிடிச்சு நிக்கிறது கஷ்டம்தான், ஒத்துக்கிறேன். எத்தனையோ பையன்களாலயும் முடியாது. அதுக்குத்தானே டெஸ்ட் வைக்கிறாங்க? அதே டெஸ்டை எங்களுக்கும் வைங்க. தோத்தா வீட்டுக்குப் போறோம்.

'ஸ்டேஷன்ல தங்குறதுக்கு வசதி இல்ல' என்பது அடுத்த பதில். தமிழ்நாடு போலீஸ்ல பெண்கள் சேர்ந்தது 1973-ல். அதுக்கு முன்னாடி அங்கேயும் வசதி இருந்திருக்காது.

வேடிக்கை என்னன்னா, இதே துறையில 2003-லயே பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ரெண்டு பேரும் குரூப் 1 எழுதி அதிகாரியா வந்துட்டாங்க. 2012-ல சேப்பாக்கம் எழிலகத் தீ விபத்துல பிரியா தீக்காயமே பட்டார். ஆக, டிகிரி முடிச்ச பெண் தீக்குள்ள போகலாம், பத்தாவது முடிச்ச பெண் போகக்கூடாது.

நம்ம களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாருங்க. கேரளத்துல 2024-ல் முதல் 'ஃபயர் வுமன்' அணி பயிற்சி முடிச்சு வேலைக்கு வந்தாச்சு. 1956 வரைக்கும் நாமளும் அவங்களும் ஒரே பக்கம்தான். அங்க இருக்கிற பெண்களுக்கு மட்டும் தனி எலும்பா வெச்சிருக்கு?

எனக்குப் பெருசா நஷ்டம் இல்ல. குரூப் 1 எழுதலாம், இல்லைன்னா ஐ.டி. கம்பெனி இருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்படி இல்ல. வயசு 19, ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, தினமும் காலையில வடசேரி அண்ணா ஸ்டேடியத்துல ஓடுறா. அவளுக்கு அப்ளிகேஷன் போட்டுக் குடுத்தது நான்தான். ஸ்கிரீனை எட்டிப் பாத்துட்டு, "அக்கா, நெட்டு ஸ்லோவா? தீயணைப்பு வரல்லியே"ன்னு கேட்டா.

நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. போலீஸுக்கு மட்டும் டிக் பண்ணி அனுப்பினோம்.