டிராயர் சிக்குவதற்கு மரம் காரணமில்லை

“மரத்தின் மேல் மரம் ஓடினால் ஐப்பசி பிறந்ததும் சிக்கும். பேசாமல் டிராயருக்கு இரும்புச் சேனல் போட்டுவிடுங்கள்.” மேசை செய்யக் கொடுக்கப்போகிற எவருக்கும் இன்று முதலில் கிடைக்கிற யோசனை இதுதான். ஹார்டுவேர் கடைக்காரர் சொல்கிறார், இன்டீரியர் வேலை எடுப்பவர் சொல்கிறார். கைவேலை நன்றாகத் தெரிந்த தச்சர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பிளைவுட் அலமாரிக்கு இந்த யோசனை சரி. தேக்கிலோ வேங்கையிலோ முழு மரத்தில் செய்யும் மேசைக்கு இது தவறான யோசனை.

முதல் வாதம், மரம் மழைக்கு உப்பும் என்பது. உப்பும், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கமாக உப்பும் என்று யாரும் கேட்பதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் மரம் கூடுவதும் குறைவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். குறுக்குவாக்கில்தான் விரிகிறது. டிராயரின் முன்பலகையில் நார் இடமிருந்து வலமாக ஓடுகிறது. அதனால் டிராயரின் அகலம் சித்திரையிலும் கார்த்திகையிலும் கிட்டத்தட்ட ஒன்றே. மாறுவது உயரம் மட்டும்.

அந்த மாற்றத்துக்கும் கணக்கு உண்டு. பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால் அகலவாக்கில் 6 சதவீதம் வரை சுருங்கும். வீட்டுக்குள் இருக்கும் காய்ந்த மரத்தில் வெயில்காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் இடையே ஈரப்பதம் 4 சதவீதம் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 6 அங்குல உயரமுள்ள பக்கப்பலகை சுமார் 1.2 மி.மீ. கூடும். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. டிராயருக்கு மேலே அரை நூல் இடைவெளி விட்டால் மழை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் அவ்வளவு விடவே கூடாது. அங்கே தாராளமாக விட்டால் டிராயர் கோணிக்கொண்டு போய்ச் சிக்கும். நம் ஊரில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பக்கத்தில் ஒரு நூல் விட்டு, மேலே இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள். அப்புறம் பழி மரத்தின் மேல்.

போன கார்த்திகையில் சித்தப்பா வீட்டுத் தேக்கு மேசையில் இதைக் கண்ணால் பார்த்தேன். டிராயர் பாதியில் நின்றுவிட்டது. “எத்தனை நாளைக்குடா இதோட மல்லுக்கட்றது? சேனல் மாட்டிடு” என்றார். “இருங்க சித்தப்பா, ஒரு சாக்பீஸ் கொடுங்க” என்றேன். பக்கப்பலகைகளின் வெளிமுகத்திலும் மேல்விளிம்பிலும் சாக்பீஸைப் பூசி, டிராயரை உள்ளே தள்ளி வெளியே இழுத்தேன். வெளிமுகத்துப் பூச்சு அப்படியே இருந்தது. மேல்விளிம்பில், பின்பக்கமாக ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை அழிந்து மரம் பளபளத்தது. அந்த இடத்தில் இழைப்புளியை நாலு முறை ஓட்டினேன். காகிதம்போல மெல்லிய சீவல் சுருண்டு விழுந்தது. மெழுகுவத்தியைத் தேய்த்து உள்ளே வைத்ததும் ஒரு விரலில் ஓடியது. மொத்தம் கால் மணி நேர வேலை.

சிக்கலுக்கு இன்னும் இரண்டு காரணம் இருக்கிறது, இரண்டும் கைப்பிழைதான். அழகுக்காக ஓடும் முகத்திலும் பாலிஷ் அடிப்பது ஒன்று. புழுக்கத்தில் பாலிஷோடு பாலிஷ் ஒட்டிப் பிடிக்கும். எண்ணெய் விடுவது இன்னொன்று. அது மரத்துக்குள் இறங்கி, தூசி சேர்ந்து பிசினாகிவிடும். சோப்பும் வேண்டாம், ஈரத்தை இழுக்கும். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய வெறும் மரத்தில் தேன்மெழுகோ மெழுகுவத்தியோ தேய்த்தால் போதும்.

எடை தாங்காது என்பது இரண்டாவது வாதம். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று சுமார் இரண்டரை கிலோ. நாலு கட்டு வைத்தால் பத்து கிலோ, மேசை டிராயரில் இதற்கு மேல் எவரும் வைப்பது அரிது. முக்கால் அங்குலத்துக்கு அரை அங்குலம் தேக்குச் சட்டம் பக்கத்துக்கு ஒன்று, நாலு ஸ்குரூவில் நின்றால் இந்த எடை அதற்குப் பொருட்டே இல்லை. அந்தச் சட்டம் ஓடுவதற்குப் பக்கப்பலகையில் காடி எடுக்கும்போது ஆழம் பலகைக் கனத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காடியைப் பின்முனை வரை திறந்துவிட்டு முன்பக்கம் நிறுத்திவிட்டால் அதுவே ஸ்டாப்பராகவும் ஆகிவிடும். இந்த அமைப்பில் மழைக்கும் ஒரு நன்மை உண்டு. அரை அங்குலக் காடி உப்பினால் எவ்வளவு உப்பிவிடும்? ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு. பலகையின் மீதி விரிவு காடிக்கு மேலும் கீழுமாகப் பிரிந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. மேசையின் பக்கமும் முழு மரமாக இருந்து, நார் செங்குத்தாக ஓடினால், சட்டம் அதற்குக் குறுக்கே கிடக்கும். முழுக்கப் பசை போட்டு ஒட்டினால் பலகை வெடிக்கும். முன்முனையை மட்டும் இறுக்கிவிட்டு, பின்னால் ஸ்குரூ ஓட்டையை நீளவாக்கில் அகட்டிவிட வேண்டும்.

தேய்மானம் என்கிறார்கள். தேயும். மெல்லிய பக்கப்பலகையின் அடிவிளிம்பிலேயே டிராயர் ஓடினால் சீக்கிரமே தேயும். உட்புறம் ஒரு சட்டம் ஒட்டி விளிம்பை அகலமாக்கினால் பாரம் பரவிவிடும். காடியில் ஓடும் சட்டமே தேய்ந்தாலும் நாலு ஸ்குரூவைக் கழற்றி ஒரு துண்டு மரத்தை மாற்றினால் முடிந்தது. சேனலில் பால்பேரிங் உதிர்ந்தால் ஜோடியையே மாற்ற வேண்டும், அதே நீளத்தில், அதே ஓட்டைக் கணக்கில் தேடிப் பிடிக்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. இன்றும் பல வீடுகளில் பாட்டியின் கால்மிதித் தையல் மிஷின் இருக்கிறது. அதன் மர டிராயரில் பால்பேரிங் கிடையாது; பாபினும் ஊசியும் இன்னும் அங்கேதான். ஈரம் மிகுந்த ஜப்பானில் கிரி என்னும் மரத்தில் செய்யும் தன்சு என்னும் டிராயர் பெட்டிகளில் ஒரு டிராயரை உள்ளே தள்ளினால் உள்ளிருக்கும் காற்று இன்னொன்றை மெதுவாக வெளியே தள்ளும். காற்றே தப்ப வழியில்லாத அளவுக்கு இடைவெளி பிடிக்க மரத்தால் முடிந்திருக்கிறது.

சேனலுக்கு உரியதைச் சேனலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதில் டிராயரை முழுக்க வெளியே இழுக்கலாம். மர ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் மூக்குக் குத்தும். இரும்புச் சட்டி, குக்கர் அடுக்கும் சமையலறைக்குச் சேனலே நல்லது. எம்.டி.எஃப். பலகையில் காடி எடுத்தால் விளிம்பு உதிரும், அங்கேயும் சேனல்தான். ஆனால் பக்கத்துக்கு அரை அங்குலமாக அது மொத்தம் ஒரு அங்குலம் இடம் கேட்கிறது. 12 அங்குலத் திறப்பில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு.

கூலி கூடும் என்பது மட்டும்தான் நான் ஒப்புக்கொள்கிற வாதம். மரச் சட்டத்துக்கு அளவு பார்க்க, இழைக்க, மாட்டிப் பார்த்து மறுபடி இழைக்க நேரம் பிடிக்கும். தேக்குக்குக் கொடுக்கிற விலையோடு பார்த்தால் அது சிறு தொகை.

தேக்கில் மேசை செய்யக் கொடுப்பவர்கள் தச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டிராயருக்கு மேலே எத்தனை நூல் விடுவீர்கள்?” “அரை நூல், மழைக்காலத்தில் செய்தால் அதுவும் வேண்டாம்” என்று பதில் வந்தால், அவரிடமே வேலையைக் கொடுங்கள். சேனல் வாங்க வேண்டியதில்லை.