கையில் முதல் பணம் சேர்ந்தாச்சா? போடுறதுக்கு முன்னால கொஞ்சம் பொறுங்க!

மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தம். மாலை ஷிப்டு விட்டதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்து கும்பல் கும்பலாக ஆட்கள் வருகிறார்கள். லேத் ஓட்டுகிறவர்கள், பிரஸ் மிஷினில் நிற்கிறவர்கள், தையல் கம்பெனிப் பெண்கள். டீக்கடைப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அண்ணே, அம்பதாயிரம் சேர்த்துட்டேன். எதுல போடலாம்?"

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த முதல் பணம். அது சும்மா கிடந்தால் மனசு அரிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "நாளைக்கே வேலை நின்னா, எத்தனை மாசம் வீடு ஓடும்?"

2020 மார்ச் கற்றுத்தந்த பாடம்

2020 ஜனவரியில் மும்பை பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 42 ஆயிரத்தைத் தாண்டியது. மார்ச் 23-ந் தேதி 26 ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. மறுநாள் இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிப்பு! பட்டறைகள் மூடின. சம்பளம் நின்றது. ஒரே வாரத்தில் வேலையும் போச்சு, பங்கின் விலையும் போச்சு.

அந்த வருஷம் நவம்பரிலேயே சந்தை மறுபடி 42 ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. வீட்டுச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்திருந்தவர்கள் காத்திருந்து தப்பித்தார்கள். இல்லாதவர்கள் அரிசி, வாடகைக்காக அடிமாட்டு விலைக்கு விற்றிருப்பார்கள். இருவரும் வாங்கியது ஒரே பங்காகவே இருக்கலாம். காத்திருக்க முடிந்ததா என்பதில்தான் வித்தியாசம்.

ஊரடங்கு தினமும் வராது. வெள்ளம் வருமே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து மிஷின்கள் மூழ்கியதை இந்தப் பகுதிக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

கணக்கு இதுதான்

மாதச் செலவு ரூ.15 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ரூ.45 ஆயிரம். காண்டிராக்ட் வேலை என்றால் ஆறு மாதத்துக்கு ரூ.90 ஆயிரம். இந்தப் பணம் பாங்கியிலோ தபால் ஆபீசிலோ, கேட்டதும் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். பாங்கி மூழ்கினால்கூட ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. வட்டி குறைச்சல்தான். ஆனால் அது லாபத்துக்கு வைக்கிற பணம் இல்லை, ஆபத்துக்கு வைக்கிற பணம்.

கடன் இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 60 சதவீதம். அந்த அளவுக்கு லாபம் நிச்சயம் என்று எந்த நல்ல முதலீட்டிலும் யாரும் சொல்ல முடியாது.

"விலைவாசி ஏறுதே, பாங்கியில கிடந்தா பணம் தேயுமே?" என்பார்கள். வாஸ்தவம். அதனால்தான் ஆபத்துப் பணம் நிறைந்த மறுமாதமே ஆரம்பித்துவிட வேண்டும். சந்தை இறங்கட்டும், ஏறட்டும் என்று வருஷக்கணக்கில் வேடிக்கை பார்ப்பதும் தப்பு. தபால் ஆபீஸ் தொடர் வைப்பை மாதம் ரூ.100-ல் தொடங்கலாம். ஐந்து வருஷத்துக்குக் கை வைக்கத் தேவையில்லாத பணம் என்றால், மியூச்சுவல் பண்டில் மாதம் ரூ.500 போட்டுப் பழகலாம்.

அவசரப்படுத்தினால் ஆபத்து!

"இன்னைக்கே போடுங்க, நாளைக்கு ஸ்கீம் முடிஞ்சுடும்" என்று ஒருவர் சொன்னால் உஷார்! அமைந்தகரை ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25, 30 சதவீதம் தருவதாக ஆசை காட்டியது. சுமார் 1 லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் வழக்குப் போட்டனர். 2022 மே மாதம் ரெய்டு நடந்தது. நகையை அடகு வைத்துப் போட்டவர்கள்கூட உண்டு. பாங்கிக்கு இருக்கிற இன்சூரன்ஸ் இதற்குக் கிடையாது.

பக்கத்து மிஷின்காரர் போட்டுவிட்டார் என்பதற்காக யாரும் போட வேண்டாம். வேலை மூன்று மாதம் நின்றாலும் வீட்டில் அடுப்பு எரியுமா? "எரியும்" என்று தைரியமாகச் சொல்ல முடிகிற அன்றைக்கு ஆரம்பிக்கலாம். அதுவரை அந்த ஐம்பதாயிரம் பாங்கியிலேயே தூங்கட்டும். தப்பே இல்லை!